பன்னிரண்டு வோல்ட் பெட்டியைத் திரும்ப வாங்கப் போனேன்

சிங்கப்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு நான் போனது, நான்கு சின்ன மடிக்கணினிகளையும் ஒரு பேட்டரிப் பெட்டியையும் ஒரு டீச்சரம்மாவின் வகுப்பிலிருந்து பறித்துக்கொண்டு வர. புறப்படும்போது 'திரும்பப் பெற' என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஐந்து நாள் விடுப்பு, கைப்பையில் ஒரு மல்டிமீட்டர், நேரில் சொல்வதற்கென்று யோசித்து வைத்த நாலு கடுமையான வார்த்தை. இவற்றோடு, ஏதோ தர்மத்தைக் காப்பாற்றப் போகிறவன் மாதிரி விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த முகத்தை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் நாங்கள் ஆறு நண்பர்கள், ஆறு பேருக்கும் சொந்த ஊர் நெல்லைப் பக்கம். கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு செங்கல் சூளை இருக்கிறது. வருடத்தில் ஏழெட்டு மாதம் அங்கேயே தங்கி வேலை செய்கிற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலையில் கணினி வைத்துப் பாடம் சொல்லித் தரலாம் என்று முடிவு செய்தோம். அந்தக் குடிசைகளுக்குக் கரண்ட் கிடையாது. நான் கப்பல் பட்டறையில் மின்பொறியாளன் என்பதால், கரண்டுக்கு வழி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பெட்டி எளிமையானது. ஒரு பேட்டரி, வகுப்புக் கொட்டகைக் கூரையில் ஒரு சோலார் தகடு, பன்னிரண்டு வோல்ட்டை நேரடியாக வாங்கிக்கொள்ளும் நான்கு மடிக்கணினிகள். நடுவில் இன்வெர்ட்டர் இல்லாததால் மின்சாரம் அவ்வளவாக வீணாகாது. பகலில் ஏறுகிற சார்ஜ், மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை நான்கு கணினிக்கும் தாராளமாகக் காணும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரியே வாங்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஊற்றுகிற வகைதான் மலிவு, எந்த ஊர் மெக்கானிக்கும் அதில் கை வைப்பார் என்று ஒரு மணி நேரம் வாதாடி அவரை மடக்கினேன். வாதத்தில் ஜெயிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

பாடம் எடுக்க விக்கிரமசிங்கபுரத்தில் எஸ்தர் டீச்சர் கிடைத்தார். ராத்திரி சூளையில் வைத்தால் காணாமல் போகும் என்று, வகுப்பு முடிந்ததும் பெட்டியைக் கணவரின் மொபெட்டில் வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் திரும்பக் கொண்டுவந்து தகட்டில் மாட்டிவிடுவார். இரவில் எத்தனை வோல்ட், காலையில் எத்தனை வோல்ட் என்று அளந்து நோட்டில் எழுதி, வாரா வாரம் படம் எடுத்து அனுப்புவார். தை மாதம் தொடங்கிய வகுப்பு பங்குனி வரை நன்றாக நடந்தது. பிறகு எண்கள் இறங்கத் தொடங்கின. இரவு பன்னிரண்டரை, காலையில் பதினொன்றே முக்கால். யாரும் தொடாத நேரத்தில் இவ்வளவு குறைந்தால் யாரோ தொடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? வீட்டில் ராத்திரி கரண்ட் போகும்போது டீச்சர் அந்தப் பேட்டரியில் ஃபேன் ஓட்டுகிறார் என்று நான் தீர்ப்பு எழுதினேன். திருடுகிறவர் கணக்காக அளந்து எழுதி அனுப்புவாரா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அதோடு விட்டேனா? சூளை மேஸ்திரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லி, பெற்றோர்கள் எல்லோரும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே பிள்ளைகள் வரவில்லை. சில நாளில் மேஸ்திரி பெட்டியை டீச்சர் வீட்டிலிருந்து வாங்கி வந்து, கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டார். இது சித்திரையில் நடந்தது. மூன்று மாதம் கழித்து, ஆடிக் காற்றில், பொருட்களை வாங்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிட வந்து சேர்ந்தேன்.

நெல்லை டவுணில் அறை எடுத்து, மறுநாள் காலை பாபநாசம் பஸ்ஸில் ஏறினேன். சிங்கப்பூர் பஸ்ஸில் இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. இங்கே பேட்டை தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரருக்கு என் சம்பளம், ரத்த அழுத்தம், மகள் படிப்பு மூன்றும் தெரிந்துவிட்டது. பத்தமடையில் சன்னல் ஷட்டரை ஏற்ற முயன்று விரலை நசுக்கிக்கொண்டேன். "பைய, பைய" என்று அவரே ஏற்றிவிட்டு, "அங்க தண்ணி எப்படி?" என்று கேட்டார்.

"சுத்திகரிச்ச தண்ணிதான். நம்ம தாமிரபரணி மாதிரி வருமா?" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். நெல்லைக்காரர்கள் இரண்டு பேர் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் இந்தப் பேச்சு வரும்.

எஸ்தர் டீச்சரின் வீடு நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கிற தெருவில். கணவர் ஜெபராஜ் மில்லில் வேலை. அன்று எனக்காகவே ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். நான் சாப்பிட வரவில்லை என்று சொல்லியும் இலை போட்டுவிட்டார்கள். உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், அவியல், கல்லிடைக்குறிச்சி அப்பளம். சிங்கப்பூரில் எந்த நாட்டுச் சாப்பாடு வேண்டுமானாலும் கிடைக்கும், உளுந்தம்பருப்புச் சோறு மட்டும் கிடைக்காது. குற்றம் சாட்ட வந்த வீட்டில் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் கை கழுவும்போது ஜெபராஜ் அண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அவ ஏதோ தெரியாமச் செஞ்சிட்டா சார். மனசுல வச்சுக்கிடாதீய."

தாழ்த்திய குரல் அடுப்படி வரை நன்றாகவே கேட்டது. டீச்சர் கையில் கரண்டியோடு நின்றார்.  நான் பெருந்தன்மையாக, "பரவாயில்ல அண்ணன், மனுஷங்கதானே" என்றேன். சொன்னது இந்த வாய்தான்.

பிற்பகல் டீச்சரும் நானும் பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சி வந்து, அங்கிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து சூளைக்குப் போனோம். கார் பருவ நடவு முடிந்த வயல்கள், அதற்கு நடுவில் சிவப்பாகச் சூளை, காயப்போட்ட, இன்னும் சுடாத பச்சைக் கல் வரிசைகள். டீச்சரைக் கண்டதும் கல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் குனிந்துகொண்டார்கள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்கள். மேஸ்திரி சுடலைமுத்து நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பெட்டியை வெளியே எடுத்து, பேட்டரியின் ஆறு மூடிகளையும் திருகினேன். உள்ளே தகடுகளின் மேல் துருநிறத்தில் வண்டல் படிந்திருந்தது. பார்த்த உடனேயே புரிந்தது. பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். மற்ற தண்ணீரில் இருக்கும் இரும்பும் உப்பும் உள்ளேயே இருந்துகொண்டு, யாரும் தொடாமலே சார்ஜைத் தின்றுவிடும். அதாவது யாரும் ஃபேன் ஓட்டவில்லை. அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். குற்றம் மாறினாலும் குற்றவாளியை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

"இதுல என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"ஆத்துத் தண்ணி சார்."

"ஆத்துத் தண்ணியா? பேட்டரிக்கா? எந்த மடையன் சொன்னான் உங்களுக்கு?"

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.  பிறகு, "கடையில யாரோ சொன்னாவ" என்றார்.

"யாரோ சொன்னா ஊத்திருவீங்களா? ஒரு பேட்டரியவே கொன்னுட்டீங்க" என்றேன். பேச்சியம்மாள் என்ற பெண், மகளை வகுப்புக்கு முதலில் அனுப்பியவரும் முதலில் நிறுத்தியவரும் அவர்தானாம், சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே டீச்சரை முறைத்தார். டீச்சர் திறந்து கிடந்த மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி மூடினார்.

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. நண்பர்களுக்கு அறிக்கை எழுத வேண்டும், பேட்டரியைப் பராமரிக்க டீச்சருக்கு நான் முறையாகச் சொல்லிக்கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனில் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனேன். மாசி மாதத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: பேட்டரித் தண்ணீர் இங்கே கடையில் தீர்ந்துவிட்டது, அம்பாசமுத்திரத்திலும் இல்லை, என்ன செய்யட்டும்? கீழே என் பதில், குரல் செய்தியாக. காதில் மாட்டிக் கேட்டேன்.

பின்னால் தட்டுச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. நண்பர்களோடு சாப்பாட்டு மேசையில் இருந்திருக்கிறேன். "டீச்சர், தாமிரபரணிக் கரையில உக்காந்துக்கிட்டா தண்ணிக்கு அலையுதீய? உலகத்துல இதவிடச் சுத்தமான தண்ணி எங்க இருக்கு? படித்துறையில ஒரு பாட்டில் மோந்து ஊத்துங்க. நம்ம ஆத்துத் தண்ணி மருந்துல்லா." அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. என் சிரிப்பு.

வீரவநல்லூரில் ஏறிய கூட்டம் என்னை உள்ளே தள்ளியது. மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை கேட்கத் தைரியம் இல்லை. கப்பல் பட்டறையில் ஒரு பயல் பேட்டரியில் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தால் அன்றைக்கே அவன் கணக்கை முடித்து அனுப்பியிருப்பேன். நண்பர்கள் முன்னால் ஊர்ப்பெருமை பேசுகிற ருசியில், படித்த படிப்பெல்லாம் மறந்திருக்கிறது. அதற்குக் கீழே சித்திரை மாதச் செய்தி ஒன்றும் இருந்தது. "தண்ணிய மாத்திப் பாக்கட்டுமா சார்?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "தண்ணியை விடுங்கள், ராத்திரி யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்" என்று நான் எழுதியிருக்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. எந்த ஊருக்கு ஓடுவது?

மறுநாள் காலை, இதைவிட வெட்கப்பட வேண்டிய காரியம் ஒன்று செய்தேன். அறிக்கையை எழுதினேன். 'பொருத்தமற்ற தண்ணீர் ஊற்றப்பட்டதால் பேட்டரி பழுதடைந்துள்ளது. ஆசிரியர்மீது தவறில்லை.' ஊற்றச் சொன்னது யார் என்று அதில் இல்லை. டீச்சர் பெயரும் காப்பாற்றப்பட்டது, என் பெயரும் காப்பாற்றப்பட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டுவிட்டு, புது பேட்டரி வாங்க ஜங்ஷனுக்குப் போனேன்.

கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "யாரோ ஆத்துத் தண்ணிய ஊத்திட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மெட்ராஸ்காரன் தப்பு செஞ்சா கேன் தண்ணிய ஊத்துவான் அண்ணாச்சி. நம்ம ஊர்க்காரன் மட்டுந்தான் ஆத்துத் தண்ணிய ஊத்திட்டு, அது எப்படிவே கெடும்னு நம்மட்டயே சண்டைக்கு வருவான். மாசம் ரெண்டு பேரு வந்துருதாவ. ஊத்துனது ஆரு, உங்க ஆளா?"

"ஒரு டீச்சர்" என்றேன். அவர் கேட்டதற்கு அந்த இரண்டு சொல் வந்து விழுந்தபோதுதான் என்னை எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரியாத மனிதரிடம், ஒரு லாபமும் இல்லாத இடத்தில்கூட, அந்த அம்மாவைத்தான் முன்னால் தள்ளுகிறேன். கடை வாசலிலேயே நின்று அறிக்கையை அழித்தேன். மாசி மாதக் குரல் செய்தியை அப்படியே நண்பர்கள் குழுவுக்கு அனுப்பி, 'டீச்சர் எதுவும் எடுக்கவில்லை. பேட்டரியைக் கொன்றது நான்' என்று எழுதினேன். ஐந்து பேரும் பார்த்துவிட்டதாகக் காட்டியது. அன்று முழுவதும் ஒருவரும் பதில் போடவில்லை.

அதற்கு மறுநாள் பேட்டரியோடு பஸ்ஸில் ஏறப் போனால் கண்டக்டர் மறித்துவிட்டார். "ஆசிட்டு கொட்டும் அண்ணாச்சி. போன மாசம் ஒரு அம்மா சேலை பொத்தல் பொத்தலாப் போச்சு. இறங்குங்க." பிறகு வாழைத்தார் ஏற்றி வந்துவிட்டுத் திரும்பிய ஒரு லோடு ஆட்டோவில், சருகுக்கு நடுவே பேட்டரியை மடியில் அணைத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சி போய்ச் சேர்ந்தேன். டீச்சரைக் காலையிலேயே போனில் அழைத்திருந்தேன். வந்து காத்திருந்தார். வாய்க்கால் கரையில் நடக்கும்போது கேட்டேன்.

"அன்னைக்கு எல்லார் முன்னாலயும், நீங்கதான் சொன்னீங்கன்னு சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"அத்தன பேருக்கு முன்னால சொன்னா உங்களுக்கு அசிங்கம்லா சார்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அவருக்கு நான் செய்தது அதேதான் என்று அவர் சொல்லவில்லை.

சூளையில் எல்லோரையும் கூப்பிடச் சொன்னேன். பதினைந்து இருபது பேர் வந்தார்கள். ஸ்பீக்கர் போனில் சரளமாக வந்த பேச்சு நேரில் வரவில்லை. தண்ணீர் ஊற்றச் சொன்னது நான், சார்ஜ் தானாகக் குறைந்திருக்கிறது, டீச்சர் ஒருநாளும் எதையும் எடுக்கவில்லை, நான் சொன்னது பொய் என்று சொல்லி முடித்தேன். குரல் செய்தியையும் போட்டுக் காட்டினேன். என் சிரிப்பு சூளை முழுவதும் கேட்டது. மேஸ்திரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பேச்சியம்மாள்தான் பேசினார். "நீங்க நாளைக்கு பிளேன் ஏறிருவீய. மூணு மாசமா டீச்சர் எதுக்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனோம். என் மவ ஒருநா வணக்கம் சொன்னான்னு அவள அடிச்சேன். அத எங்க போயி சொல்ல?"

 பேச்சியம்மாள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாயங்காலம் அனுப்புதேன்" என்றார். டீச்சர் தலையை மட்டும் அசைத்தார். மேஸ்திரி கொட்டகைச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். புது பேட்டரியை மாட்டினேன். நான்கு கணினியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்தன. காய்ச்சி வடித்த தண்ணீர் கேன்களை வரிசையாக அடுக்கி வைத்தேன். காரியம் முடிந்தது என்று நினைத்தபோது டீச்சர் சொன்னார்.

"இங்க சொன்னது சரி சார். எங்க வீட்டுக்கும் வந்து ஒருதடவ சொல்லிருங்க."

"அண்ணனுக்கா? நீங்களே சொல்லலாமே."

"நான் சொன்னா எடுபடாது" என்றார். கொஞ்சம் தூரம் நடந்த பிறகுதான் மீதியைச் சொன்னார். "நீங்க போன் போட்ட அன்னைக்கு எங்க வீட்டுக்காரவுக வீட்ட முழுசா அலசுனாவ. எதுல மாட்டி ஓட்டுதன்னு வயரா வயராப் பாத்தாவ. ஒண்ணும் அம்புடல. மேஸ்திரி வந்து வாங்கிட்டுப் போற வரைக்கும், பெட்டிய பீரோவுல வச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாவ. அப்பவும் காலையில எண்ணு குறஞ்சுது. நான் குறஞ்சதத்தான எழுத முடியும்? அப்ப நீ வேணும்னே தப்பா எழுதுதன்னு சொல்லிட்டாவ."

வாய்க்கால் கரை முடிந்ததும் நாங்கள் விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸில் ஏறினோம்.

ஜெபராஜ் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார், காப்பி போடச் சொல்லட்டுமா" என்றார். உட்காராமலே சொன்னேன். இரண்டாவது முறை என்பதால் வார்த்தைகள் ஒழுங்காக வந்தன. ஒழுங்காக வந்ததே அசிங்கமாக இருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பீரோவுல பூட்டி வச்சப்பவும் குறஞ்சுதே சார்?"

"பூட்டினாலும் குறையும் அண்ணன். அதுக்கு ஆளே வேண்டாம்."

"அப்ப, சாவி என் இடுப்புல இருந்தப்ப அவ எழுதுனதும்..."

"எல்லாம் சரியான எண். ஒருநாள்கூடத் தப்பா எழுதல."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். டீச்சர் தோளில் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எஸ்தரு" என்றார்.

"அஞ்சு மணிக்குப் பிள்ளைய வந்துரும்" என்றார் டீச்சர், என்னைப் பார்த்து.

"இரு, வண்டியில கொண்டு விடுதேன்." அவர் அவசரமாக ஆணியிலிருந்து மொபெட் சாவியை எடுத்தார்.

"வேண்டாம். பஸ் இருக்கு." அதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேன் சார்" என்று தெருவில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெபராஜ் அண்ணன் வாசல் வரை போய் நின்றுவிட்டார். "சிங்கப்பூர் சார் பெரிய படிப்புப் படிச்சவுக, பொய் சொல்ல மாட்டாவன்னு அவகிட்டயே சொன்னேன் சார்" என்றார், தெருவைப் பார்த்தபடியே. "இருபத்திநாலு வருசம் கூட இருக்கா. ஒருநா பொய் சொல்லிப் பாத்ததில்ல."

தெருமுனையில் பஸ் வந்து நின்று கிளம்பிய சத்தம் கேட்டது. அவர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றார். அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். அவரைத் தாண்டித்தான் நான் வெளியே போக வேண்டும்.